பெனினின் பச்சோந்தி: மத்தியூ கெரெகூ இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கிய கணக்கு

கேள்வி இதுதான்: துப்பாக்கியைக் காட்டி ஆட்சியைப் பிடித்து, ஆண்டுக்கணக்கில் ஒரே கட்சியை வைத்து ஆண்ட மத்தியூ கெரெகூ, தேர்தலில் தோற்று வீட்டுக்குப் போய், ஐந்து ஆண்டு கழித்து அதே தேர்தலில் ஜெயித்துத் திரும்பி வந்தார் என்கிறார்களே, உண்மையா? மனிதர் மனம் திருந்தினாரா, வேறு வழியில்லாமல் செய்தாரா?

உண்மைதான். 1972 முதல் 1991 வரையும், 1996 முதல் 2006 வரையும் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டுக்கு அவர்தான் தலைவர். மனம் திருந்தியதைப் பற்றி யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அவர் எடுத்த ஒவ்வொரு முடிவுக்கும் பின்னால் இரண்டு கணக்குகள் இருந்தன: கஜானாவில் எவ்வளவு இருக்கிறது, எந்த வட்டாரம் யார் பக்கம். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் அவர் அரசியல் முழுவதும் விளங்கிவிடும். திருந்திய உள்ளம் என்ற கதையை வைத்துப் பார்த்தால் பாதிதான் விளங்கும்.

வட்டாரக் கணக்கை முதலில் பார்ப்போம். நாட்டின் பழைய பெயர் தஹோமே. 1960 ஆகஸ்ட் 1-ல் பிரான்சிடமிருந்து விடுதலை. அரசியல் மூன்று பேருக்குள் அடங்கியிருந்தது: வடக்குக்கு ஹூபேர் மாகா, தென்கிழக்கில் போர்ட்டோ நோவோ வட்டாரத்துக்கு சூரு மிகான் அப்பித்தி, அபோமே வட்டாரத்துக்கு ஜஸ்டின் அஹோமதெக்பே. (நம் பரங்கிப்பேட்டையையும் ஐரோப்பியர் போர்ட்டோ நோவோ என்றுதான் எழுதினார்கள். இரண்டுமே போர்த்துகீசியர் வைத்த ‘புதுத் துறைமுகம்’.) மூவரில் யாருக்கும் தனிப் பெரும்பான்மை கிடையாது. எந்த இருவர் சேர்ந்தாலும் மூன்றாமவர் வட்டாரம் கொதிக்கும், கொதித்தால் ராணுவம் உள்ளே வரும். 1963, 1965, 1967, 1969 என்று ஆட்சிக் கவிழ்ப்புகள் வரிசையாக நடந்தன. கடைசியில் 1970-ல் ஒரு விசித்திரமான ஏற்பாட்டுக்கு வந்தார்கள்: மூவரும் சேர்ந்து ஒரு குடியரசுத் தலைவர் மன்றம், தலைமைப் பதவி ஆளுக்கு இரண்டு ஆண்டு. மாகா தன் முறையை முடித்து 1972 மே மாதம் அஹோமதெக்பேயிடம் கொடுத்தார். அப்பித்தியின் முறை வரவே இல்லை.

1972 அக்டோபர் 26-ல் அமைச்சரவை கூடியிருந்தபோதே படைவீரர்கள் உள்ளே நுழைந்தார்கள். திட்டம் போட்டவர்கள் அயிக்பே, அசொக்பா, அல்லதாயே என்ற மூன்று இளம் கேப்டன்கள். மூவரும் தெற்கத்தியர். அவர்கள் தலைவராக முன்னிறுத்தியது மேஜர் கெரெகூவை. 1933-ல் வடமேற்கே நத்திதிங்கூ பக்கத்தில் பிறந்தவர், மாலியின் கட்டி, செனகலின் செயின்ட் லூயி ஊர்களின் ராணுவப் பள்ளிகளில் படித்தவர், 1961 வரை பிரெஞ்சுப் படையில் இருந்தவர், பிறகு மாகாவுக்கே மெய்க்காப்பு உதவியாளர். தெற்கத்தியர் நடத்திய கவிழ்ப்புக்கு வடக்கத்தியர் முகமாக இருந்தால் எந்த வட்டாரமும் உடனே கொதிக்காது என்பது அவர்கள் போட்ட கணக்கு. அவரை ஒதுக்கிவிடலாம் என்றும் நினைத்திருப்பார்கள். நடந்தது தலைகீழ். 1975 ஜனவரியில் அசொக்பா எதிர்த்து எழ முயன்று சிறைக்குப் போனார். அதே ஆண்டு ஜூனில் உள்துறை அமைச்சராக இருந்த அயிக்பேயைத் தலைவரின் காவல்படையே சுட்டுக் கொன்றது. தலைவரின் மனைவியோடு தகாத உறவு என்று அரசு காரணம் சொன்னது. கொட்டோனு நகரத் தொழிலாளர்கள் அதை நம்பாமல் தெருவுக்கு வந்தார்கள்.

இதற்கு நடுவில்தான் மார்க்சியம் வந்தது. 1974 நவம்பர் 30-ல், பழைய அரசர்களின் தலைநகரான அபோமேயில் நின்று, நாடு இனி மார்க்சிய-லெனினியப் பாதையில் போகும் என்று அறிவித்தார். அடுத்த ஆண்டு அதே நாளில் நாட்டின் பெயரும் பெனின் மக்கள் குடியரசு என்று மாறியது. பெயர் மாற்றத்தில் ஒரு புத்திசாலித்தனம் உண்டு: தஹோமே என்பது தெற்கே இருந்த ஒரு பேரரசின் பெயர், வடக்கத்தியருக்கு அது அந்நியம். பெனின் என்பது கடற்கரையை ஒட்டிய வளைகுடாவின் பெயர், யாருக்கும் சொந்தமில்லை. (வெண்கலச் சிற்பங்களுக்குப் பேர்போன பெனின் பேரரசு இன்றைய நைஜீரியாவில் இருந்தது. இந்த நாட்டோடு அதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.) வங்கி, காப்பீடு, எரிபொருள் விற்பனை எல்லாம் அரசுடைமை ஆயின. அரசு நாளிதழின் பெயர் ‘எஹூசு’. தெற்கே பேசப்படும் ஃபோன் என்ற மொழியில் ‘மாறிவிட்டது’ என்று பொருள். எவ்வளவு மாறியது என்பது வேறு விஷயம். மார்க்சிய-லெனினியத்தைப் பிரெஞ்சில் திரித்து ‘லாக்சிசம்-பெனினிசம்’, அதாவது தளர்ச்சிவாதம், என்று ஊரே கேலி பேசியது. 1980-ல் லிபியாவுக்குப் போய் இஸ்லாத்தைத் தழுவி அஹ்மது ஆனார். பிற்காலத்தில் மறுபிறப்புக் கிறிஸ்தவராகிப் பைபிளோடு வந்து நின்றார்.

பச்சோந்திப் பட்டம் இதனால் வந்தது என்றுதான் பலரும் நினைப்பார்கள். நம்மூரில் பச்சோந்தி என்றால் வசவு. கெரெகூ அதைத் தாமே சூட்டிக்கொண்டார். ‘பச்சோந்தியின் கைகளில் கிளை ஒடியாது’ என்பது 1970-களிலேயே அவருடைய முழக்கம். பச்சோந்தி மெதுவாக நடக்கும், ஒரு கால் உறுதியாகப் பிடித்த பிறகே அடுத்த காலை எடுக்கும், அதனால் கிளை முறியாது என்பது பொருள். நிறம் மாற்றும் பொருளை ஊரார் பிறகு சேர்த்துக்கொண்டார்கள்.

கிளை ஒடியாமல் இருந்ததில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு. 1977 ஜனவரி 16 விடியற்காலையில் பாப் தெனார் என்ற பிரெஞ்சுக்காரர் தலைமையில் 90 பேர் அளவில் கூலிப்படை கொட்டோனு விமான நிலையத்தில் இறங்கியது. சில மணி நேரம் சுட்டுவிட்டு, வந்த விமானத்திலேயே தப்பி ஓடியது. ஓடும் அவசரத்தில் ஒரு பெட்டியை விட்டுப் போனார்கள். அதற்குள் தாக்குதல் திட்டமும் ஆட்களின் விவரமும் இருந்தன. அந்தக் காகிதங்கள் ஐ.நா. விசாரணைக்குப் போயின. ‘வெளிநாட்டுச் சதி’ என்ற பேச்சுக்கு அதன்பின் ஆதாரம் கையில் இருந்தது, உள்ளூர் எதிர்ப்பாளர்களைப் பிடித்துப் போடவும் அதுவே காரணமாயிற்று. செக்பானா சிறையும் சித்திரவதை முகாம்களும் இந்த ஆட்சியின் பகுதிதான். பிற்காலத்துப் புகழுரைகளில் இந்த இடம் மட்டும் வேகமாகக் கடந்து போகும்.

இனி கஜானாக் கணக்கு. ஆட்சி விழுந்ததற்கு உண்மையான காரணம் இங்கேதான் இருக்கிறது.

பெனினில் புழங்குவது சி.எஃப்.ஏ. பிராங்க். அதை வெளியிடுவது பல நாடுகளுக்குப் பொதுவாகச் செனகலின் டாக்காரில் இருக்கும் மைய வங்கி. அந்த நாணயத்தின் மாற்று விகிதம் அப்போது பிரெஞ்சு நாணயத்தோடு கட்டப்பட்டிருந்தது. மார்க்சியம் பேசிய காலத்திலும் பெனின் அந்த வட்டத்தை விட்டு வெளியேறவில்லை. இதன் விளைவு என்னவென்றால், பணம் தீர்ந்தால் நோட்டு அடித்துச் சம்பளம் போட முடியாது. கானாவிலும் ஜைரேயிலும் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) அப்படி அடித்தார்கள். விலைவாசி ஏறியது, ஆனாலும் சிப்பாய் கையில் மாதாமாதம் ஏதோ ஒரு காகிதம் இருந்தது. கெரெகூவுக்கு அந்த வசதி இல்லை. வங்கியில் இருப்பதுதான் இருப்பு.

அந்த வங்கிகள் மூன்று: வணிக வங்கி, வளர்ச்சி வங்கி, வேளாண் கடன் வங்கி. மூன்றும் அரசுடையவை, வேறு வங்கியே கிடையாது. நட்டத்தில் ஓடிய அரசு நிறுவனங்களுக்கும் ஆட்சிக்கு நெருங்கியவர்களுக்கும் ஈடில்லாமல் கடன் போனது. கொடுத்த கடன் திரும்பவில்லை. தலைவருக்கு ஆன்மிக ஆலோசகராக இருந்த முகமது சிசே என்ற மராபூ, அதாவது முஸ்லிம் மந்திரவாதி, வணிக வங்கியிலிருந்து பெருந்தொகைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய விவகாரம் பின்னால் நீதிமன்றம் வரை போய் அவர் சிறைத்தண்டனை பெற்றார். ஆனால் ஒரு மந்திரவாதி தலையில் முழுப் பழியையும் போடுவது வசதியான கதை. அவர் இல்லாவிட்டாலும் வங்கிகள் விழுந்திருக்கும், சற்றுத் தாமதமாக. இதோடு சேர்ந்தது நைஜீரியா. பெனினின் சுங்க வருமானத்தில் பெரும்பகுதி, துறைமுகத்தில் இறங்கி எல்லை தாண்டி நைஜீரியாவுக்குள் போகும் சரக்கிலிருந்து வருவது. 1984 ஏப்ரலில் நைஜீரியா எல்லையை மூடியது. 1986 வரை திறக்கவில்லை.

1988-ல் வங்கிகள் பணம் கொடுப்பதை நிறுத்தத் தொடங்கின. சேமிப்புக் கணக்கு வைத்திருந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். அரசு ஊழியர் சம்பளம் மாதக்கணக்கில் பாக்கி. 1989 ஜனவரியில் மாணவர்கள் வேலைநிறுத்தம், பிறகு ஆசிரியர்கள், பிறகு அலுவலர்கள். ஜூனில் பன்னாட்டு நிதியத்தோடு சீரமைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆகஸ்டில் கெரெகூ வழக்கம்போலச் சட்டமன்றத்தால் இன்னும் ஐந்து ஆண்டுக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார், அதே மாதம் அரசியல் கைதிகளுக்கும் நாடு கடந்தவர்களுக்கும் பொதுமன்னிப்பு. தெரு அடங்கவில்லை. டிசம்பர் 7-ல் மார்க்சிய-லெனினியம் இனி அரசின் கொள்கை இல்லை என்று அறிக்கை வந்தது. தேசிய மாநாடு கூட்டுவதாகவும் வாக்குறுதி.

மாநாடு 1990 பிப்ரவரி 19 முதல் 28 வரை, கொட்டோனுவில் பி.எல்.எம். அலேஜோ ஓட்டலில் நடந்தது. தொழிற்சங்கம், தேவாலயம், ராணுவம், உழவர், புதிதாக முளைத்த கட்சிகள், வெளிநாடுகளில் வாழும் பெனினியர் என்று ஏறத்தாழ 500 பேர். மாகா, அஹோமதெக்பே உட்படப் பழைய தலைவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். தலைமை வகித்தவர் கத்தோலிக்க இணைப் பேராயர் இசிதோர் டி சூசா. கெரெகூ எதிர்பார்த்தது ஓர் ஆலோசனைக் கூட்டம்: பேசுவார்கள், பரிந்துரைப்பார்கள், உதவிப் பணம் வரும், நாற்காலி நிலைக்கும். ஆனால் 25-ஆம் தேதி மாநாடு தன்னை இறையாண்மை உள்ளதாக அறிவித்துக்கொண்டது. அதாவது இதன் முடிவுகள் யார் ஒப்புதலுக்கும் காத்திருக்காது, உடனே சட்டம். கெரெகூ இதை ‘குடிமக்கள் நடத்தும் ஆட்சிக் கவிழ்ப்பு’ என்றார். சொன்னதில் தவறில்லை.

அவர் ஏன் படையை அனுப்பவில்லை? சிப்பாய்களின் சம்பளமும் பாக்கி, ராணுவம் வடக்கு தெற்கு என்று பிளந்திருந்தது, பிரான்சும் மற்றவர்களும் தரவிருந்த உதவி மாநாட்டின் முடிவைப் பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனைக்கும் மேலே, டி சூசா திறந்துவைத்த ஒரு கதவு. தலைவர் பதவி விலக வேண்டியதில்லை. முப்படைத் தலைமை அவரிடமே இருக்கும், அன்றாட நிர்வாகம் மட்டும் ஒரு பிரதமரிடம் போகும், மாநாட்டின் சார்பில் ஓர் உயர் மன்றம் மேற்பார்வை பார்க்கும், தேர்தல் வரும், அதில் அவரும் நிற்கலாம். பழைய குற்றங்களுக்காக அவரைத் தனிப்பட்ட முறையில் கூண்டில் ஏற்ற மாட்டார்கள் என்ற புரிதலும் இருந்தது. 1991-ல் அது சட்டப் பாதுகாப்பாகவே எழுதப்பட்டது. சித்திரவதைக்கு ஆளானவர்களுக்கு இது கசப்பான பேரம். ஆனாலும் அது இல்லாமல் பிப்ரவரி 28 இரத்தமின்றி முடிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அன்று கெரெகூ மாநாட்டின் முடிவுகளை ஏற்றுக்கொண்டார். வானொலியில் நாடே கேட்டுக்கொண்டிருந்தது.

ஒரு தவறான செய்தி பரவலாக உண்டு: பிரெஞ்சு அதிபர் மித்தெரான் லா போலில் ஆற்றிய உரையால்தான் ஆப்பிரிக்கத் தலைவர்கள் பல கட்சி ஆட்சிக்கு மாறினார்கள் என்பார்கள். அந்த உரை 1990 ஜூனில். பெனின் மாநாடு முடிந்து அப்போது நான்கு மாதம். பெனினைப் பார்த்துத்தான் மற்ற நாடுகள் மாநாட்டைக் கேட்டன, எல்லா இடத்திலும் அது பலிக்கவில்லை. பக்கத்து டோகோவில் 1991-ல் மாநாடு இதேபோல் இறையாண்மையை அறிவித்தது. ஆனால் அந்நாட்டுத் தலைவர் எயாதெமாவின் படை பெரும்பாலும் அவருடைய வட்டாரத்தாரே, சம்பளமும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த டிசம்பரில் பிரதமர் அலுவலகத்தையே டாங்கியால் தாக்கிப் பிரதமரைப் பிடித்தார்கள். எயாதெமா 2005-ல் சாகும் வரை பதவியில் இருந்தார்.

பிரதமராக மாநாடு தேர்ந்தெடுத்தது உலக வங்கியில் இயக்குநராக இருந்த நிசெஃபோர் சோக்லோவை. 1990 டிசம்பர் 2-ல் புதிய அரசியல் சட்டத்துக்குப் பொது வாக்கெடுப்பு. அதில் இரண்டு விதிகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையின் முடிவில் தேவைப்படும்: தலைவருக்கு ஐந்தாண்டுப் பதவிக்காலம் அதிகபட்சம் இரண்டு முறை, வேட்பாளர் வயது 40-க்குக் குறையாமல் 70-க்கு மிகாமல் இருக்க வேண்டும். வயது வரம்பு மாகாவையும் அஹோமதெக்பேயையும் மறுபடி வரவிடாமல் தடுக்க வைத்தது. வயது வரம்பு தவிர மற்றதெல்லாம் சரி என்று வாக்களிக்கத் தனி வழியே வைத்திருந்தார்கள், அந்த அளவுக்கு அது சண்டைக்குரியதாக இருந்தது.

1991 மார்ச் 24 இரண்டாம் சுற்றில் சோக்லோ 67.7 விழுக்காடு, கெரெகூ 32.3. ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் பதவியில் இருந்த தலைவர் ஒருவர் வாக்குப்பெட்டியில் தோற்று இறங்கியது அதற்கு முன் கிட்டத்தட்டக் கேள்விப்படாத ஒன்று. ஆனால் அந்த 32-ஐக் கவனியுங்கள். வடக்கு அவரை விட்டுப் போகவில்லை.

அடுத்த ஐந்து ஆண்டு அவர் வாயைத் திறக்கவில்லை. பேட்டி இல்லை, கூட்டம் இல்லை. அதுவே பெரிய உத்தியாயிற்று, ஏனென்றால் பேச்சு முழுவதும் சோக்லோவைப் பற்றியே நடந்தது. சோக்லோ வங்கிகளை மீட்டார், சம்பள பாக்கியைக் குறைத்தார், பொருளாதாரம் வளர்ந்தது. ஆனால் 1994 ஜனவரியில் சி.எஃப்.ஏ. பிராங்கின் மதிப்பு ஒரே நாளில் பாதியானது. அரிசி, மருந்து, எரிபொருள் விலை எகிறியது. மனைவி ரொசீன் கட்சி தொடங்கினார், மைத்துனர் அமைச்சர், குடும்ப ஆட்சி என்ற பேச்சு கிளம்பியது. கூட்டாளிகளை மதிக்கவில்லை என்ற மனக்கசப்பு வேறு.

1996 மார்ச் முதல் சுற்று: சோக்லோ 35.7, கெரெகூ 33.9. முடிவு மூன்றாவது வந்தவர் கையில். அவர் போர்ட்டோ நோவோவின் அத்ரியன் ஹூங்பெஜி, ஏறத்தாழ 20 விழுக்காடு. இவர் யார்? 1975-ல் கெரெகூ ஆட்சி சிறையில் அடைத்து, தப்பி ஓடிய பிறகு, ஆள் இல்லாமலேயே மரண தண்டனை விதித்த வழக்கறிஞர். அவர்தான் இப்போது கெரெகூ பக்கம் சாய்ந்தார். இரண்டாம் சுற்றில் கெரெகூ 52.5. ஹூங்பெஜி பிரதமர் ஆனார், அரசியல் சட்டத்தில் இல்லாத பதவியில். அதாவது 1960-களின் பழைய மூன்று வட்டாரக் கணக்கு அப்படியே: வடக்கும் தென்கிழக்கும் சேர்ந்து சோக்லோவின் அபோமே பக்கத்தைத் தோற்கடித்தன. வித்தியாசம், இந்த முறை தோற்றவர் தரப்பு ராணுவத்தைக் கூப்பிடவில்லை. பதற்றம் இருந்தது, அரசியல் சட்ட நீதிபதி ஒருவர் வீட்டின் மீது துப்பாக்கிச் சூடே நடந்தது, ஆனால் நீதிமன்றம் முடிவை உறுதி செய்ததும் சோக்லோ இறங்கினார்.

அதே நீதிமன்றம் வென்றவரையும் விடவில்லை. பதவிப் பிரமாணத்தில் ‘கடவுள், முன்னோர் ஆவிகள், தேசம், பெனின் மக்கள் முன்னிலையில்’ என்று வரும். ஏப்ரல் 4-ல் கெரெகூ ‘முன்னோர் ஆவிகள்’ என்பதை விட்டுவிட்டுப் படித்தார்; மறுபிறப்புக் கிறிஸ்தவருக்கு அது ஒட்டவில்லை. பிரமாணம் செல்லாது என்றது நீதிமன்றம். ஒரு காலத்தில் நாட்டின் சட்டமே தாமாக இருந்தவர், திரும்பிப் போய் ஆவிகளையும் சேர்த்து முழுவதும் படித்தார். மாநாட்டையே விட எனக்கு இந்தச் சின்னச் சம்பவம்தான் பெரிதாகப் படுகிறது.

இரண்டாவது வருகையில் ஆட்சி சுமார்தான். ஊழல் குறையவில்லை. 2001 தேர்தலில் முதல் சுற்றில் 45 விழுக்காடு எடுத்தார். இரண்டாவது வந்த சோக்லோவும் மூன்றாவது வந்த ஹூங்பெஜியும் முறைகேடு என்று சொல்லி விலகிக்கொள்ள, எதிரே நின்றது நான்காவது வந்த புருனோ அமூசூ, அவருடைய அமைச்சரவையிலேயே இருந்தவர். ஊரில் அதற்கு ‘நட்பு ஆட்டம்’ என்று பெயர். ஏறத்தாழ 84 விழுக்காடு வெற்றி. இதற்கு ஒரு பின்கதை: டைட்டன் என்ற அமெரிக்க நிறுவனம், பதவியிலிருந்த தலைவரின் பிரச்சாரத்துக்கு 20 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்ததாக 2005-ல் அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு, மொத்தம் 2.85 கோடி டாலர் கட்டியது. பெனினில் யாரும் தண்டிக்கப்படவில்லை.

2006 நெருங்கியபோது இரண்டு பூட்டுகள்: இரண்டு முறை முடிந்துவிட்டது, வயதும் 72. சட்டத்தைத் திருத்தச் சொல்லிச் சுற்றியிருந்தவர்கள் நச்சரித்தார்கள். ஆனால் திருத்த மசோதாவை எடுத்துக்கொள்ளவே சட்டமன்றத்தின் நான்கில் மூன்று பங்கு வேண்டும், 83 இடங்களில் 63. மக்களின் பொது வாக்கெடுப்பில்லாமல் நிறைவேற்ற ஐந்தில் நான்கு, 67. அவர் அணிக்கு இருந்தது ஐம்பத்துச் சொச்சம். தெருவில் ‘என் அரசியல் சட்டத்தைத் தொடாதே’ என்ற இயக்கம். 2005-ல் அவர், நீ பதவியை விடாவிட்டால் பதவி உன்னை விட்டுவிடும் என்று சொல்லிப் பேச்சை முடித்துவைத்தார். சொன்ன பிறகும் தேர்தலுக்குப் பணமில்லை என்று அரசு இழுத்தடித்தது. தேர்தல் நடக்க வேண்டும் என்று பொதுமக்கள் நன்கொடை கொடுத்த கூத்தும் நடந்தது. மார்ச்சில் தேர்தல் நடந்தது. அவர் யாரையும் வாரிசாக நிறுத்தவில்லை. வங்கியாளர் போனி யாயி, ஹூங்பெஜியைத் தோற்கடித்தார். 2006 ஏப்ரல் 6-ல் கெரெகூ பொறுப்பை ஒப்படைத்தார்.

அதன்பின் மறுபடி மௌனம். 2015 அக்டோபர் 14-ல், 82 வயதில் இறந்தார். மார்க்சிய நாட்களில் சீனா கட்டிக் கொடுத்த கொட்டோனு விளையாட்டரங்கத்துக்கு அப்போது வைத்த பெயர் ‘நட்பு அரங்கம்’. இன்று அது ஜெனரல் மத்தியூ கெரெகூ அரங்கம்.